அக்காவுக்கு எம்எஸ்: எனக்கும் மகளுக்கும் மரபணுச் சோதனை வேண்டுமா?

கேள்வி: அக்காவுக்குத் திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கியது. ஸ்கேன் எடுத்துவிட்டு, மூளை, தண்டுவட நரம்புகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்எஸ்) என்கிறார்கள். எனக்கு 34 வயது, மகளுக்கு 9. எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்லும் சோதனை ஆன்லைனில் விற்கிறது. நாங்கள் எடுக்கலாமா? இல்லை, ரத்தத்திலேயே முன்கூட்டித் தெரியுமா? (ஈசூன் வாசகி)

பதில்: எச்சில் சோதனை வேண்டாம். அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

எம்எஸ்ஸோடு அதிகம் தொடர்புள்ள மரபணு வகைக்கு ஹெச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்று பெயர். அது இருந்தால் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. கேட்டதும் வயிற்றைக் கலக்கும். ஆனால் மூன்று மடங்கானாலும் அது சின்ன எண்தான். அந்த வகை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எம்எஸ் வருவதே இல்லை. எம்எஸ் வந்த பலரிடம் அந்த வகை இல்லை. இன்னும் 200க்கும் மேற்பட்ட வேறுபாடுகள் தெரியவந்துள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அந்தக் கணக்குகளும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தவை. நமக்கு அப்படியே பொருந்தாது. மரபணு முழுவதும் ஒன்றாகவே உள்ள இரட்டையரில் ஒருவருக்கு எம்எஸ் இருந்தாலும், மற்றவருக்கு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று அளவுதான். கூடப்பிறந்தவருக்கு, மேற்கத்திய நாட்டுக் கணக்கிலேயே, 100-இல் 2 அல்லது 3.

ரத்தமும் அப்படித்தான். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் எம்எஸ் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாக 2022-இல் அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. சரி, அதைச் சோதித்துப் பார்க்கலாமா என்றால், பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கும். அதனால் யாருக்கு எம்எஸ் வரும் என்று அந்தச் சோதனை சொல்லாது.

ரத்தச் சோதனை உண்மையில் உதவுவது உங்கள் அக்காவுக்கு. அக்வாபோரின்-4, எம்ஓஜி என்ற இரண்டு எதிர்ப்பொருள்களுக்கும் (ஆன்டிபாடி) ரத்தம் பார்த்தார்களா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்எம்ஓ என்ற நோயை வெகுகாலம் எம்எஸ்ஸின் ஒரு வகை என்றே பலர் நினைத்தார்கள். 2004-இல் அதற்கென்று தனி எதிர்ப்பொருள் (மேலே சொன்ன அக்வாபோரின்-4) இருப்பது தெரிந்தபிறகுதான் அது வேறு நோய் என்பது உறுதியாயிற்று. மேற்கு நாடுகளைவிட ஆசியாவில் எம்எஸ்ஸோடு ஒப்பிட்டால் இதன் பங்கு அதிகம், அதனால்தான் வலியுறுத்துகிறேன். இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட் போன்ற எம்எஸ் மருந்துகள் என்எம்ஓவை மோசமாக்கக்கூடும். பெயர் மாறினால் மருந்தே மாறும்.

எந்த முறையில் பார்த்தார்கள் என்பதையும் கேளுங்கள். உயிரணுக்களை வைத்துச் செய்யும் முறைதான் நம்பகமானது. ஸ்டீராய்டு கொடுத்தபின் எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எம்ஓஜி மெலிதாகத் தெரிந்தால் அதை மட்டும் வைத்து முடிவுகட்டக்கூடாது. ‘நியூரோஃபிலமென்ட்’ என்றும் ஒரு சோதனை காதில் விழலாம். அது நரம்பு எவ்வளவு சேதமாகிறது என்பதைக் காட்டும். என்ன நோய் என்று சொல்லாது. வயதானாலே அது கூடும்.

இன்னொன்று: காப்புறுதி நிறுவனம் மரபணுச் சோதனை எடுக்கச் சொல்லுமோ என்ற பயம் வேண்டாம். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021-இல் செய்த ஏற்பாட்டின்படி அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது.

மகளுக்குச் சோதனை எதுவும் வேண்டாம். உங்களுக்கோ அவளுக்கோ கண்ணை அசைத்தால் வலித்து, பார்வையும் மங்கினால் மட்டும் பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுத்து உட்காராமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அக்காவுக்கு எம்எஸ் என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.