பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதினால் வேலை போய்விடுமா?

கேள்வி (சுருக்கம்): அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலை நடத்துகிறேன். 38 பேர் வேலை பார்த்தார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் மூடினோம். மே மாதம் வரை பாதிச் சம்பளம் கொடுத்தேன். 50 பேருக்குக் கீழே என்பதால் லே-ஆஃப் (வேலை தர முடியாமல் தற்காலிகமாக நிறுத்திவைப்பது) சட்டமே உங்களுக்குப் பொருந்தாது, எதுவும் தரத் தேவையில்லை என்று ஆடிட்டர் சொன்னார். ஆனாலும் கொடுத்தேன். ஜூன் 1-ல் திறந்தபோது வாட்ஸ்அப் குழுவில் எல்லோரையும் கூப்பிட்டேன். 8 பேர் வரவில்லை. அதில் 7 பேர் பிறகு கணக்கு முடித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், 9 வருடம் மெஷின் ஓட்டியவர், ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்டில் வேறு ஆள் போட்டேன். டிசம்பரில் வந்து நின்றார். ‘ஆள் போட்டாச்சுப்பா’ என்று அனுப்பிவிட்டேன். இப்போது, 2022 ஜூனில், பழைய வேலையும் இடைப்பட்ட காலச் சம்பளமும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவராக விட்டுப் போனவர்தானே? காலமும் கடந்துவிட்டதே? இன்னொன்று: லோடு ஏற்றும் ஒருவருக்குக் கொரோனாவுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது. லேசான வேலை கொடுத்துச் சம்பளத்தைக் குறைக்கலாமா? தடுப்பூசி போடாத ஒரு பெண்ணை நிறுத்தச் சொல்லி மற்றவர்கள் நெருக்குகிறார்கள். ஆர்டர் குவிந்து கிடப்பதால் 12 மணி நேர ஷிஃப்ட் போடலாமா? இரண்டாம் அலையில் ஒருவரை இழந்தோம். அவர் குடும்பத்துக்கு 20,000 ரூபாய் கொடுத்தேன். என்னால் முடிந்ததைச் செய்த எனக்கே நோட்டீஸ் வருவது நியாயமா? – பெயர் வேண்டாம்.

பதில்: நியாயமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றவற்றுக்கு, இந்த 2022 ஜூனில் உள்ள சட்டப்படி, இருக்கிறது.

கடிதத்தோடு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தீர்கள். ஒன்று 2020 ஜூன் மாத வருகைப் பதிவேடு. மெஷின்காரர் பெயருக்கு நேரே 30 கட்டங்களிலும் சிவப்பு மையில் ‘வரவில்லை’. அடுத்த மாதப் பக்கத்தில் அவர் பெயர் மேல் ஒரு பென்சில் கோடு. ஆகஸ்டில் பெயரே இல்லை. இன்னொன்று வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட். ‘எல்லோரும் திங்கள் காலை 8 மணிக்கு வரவும்’ என்ற உங்கள் செய்தியைக் காட்டத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, கீழே அவர் பதில் போட்டிருக்கிறார்: ‘சார் பஸ் இல்ல, விட்டதும் வரேன்.’

ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இது என்ன?

வேலைக்கு வராமல் இருப்பது வேறு, வேலையை விட்டுவிடுவது வேறு. விட்டுவிடுவது என்றால் அந்த எண்ணம் இருக்க வேண்டும். அதை முதலாளி ஊகித்துக்கொள்ள முடியாது, நிரூபிக்க வேண்டும். ஜி.டி. லாட் வழக்கில் எப்போதோ உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பஸ் விட்டதும் வருகிறேன் என்று எழுதியவருக்கு விட்டுப்போகும் எண்ணம் இருந்தது என்று எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வது? உங்கள் கைச் சாட்சியே எதிராளியின் முதல் ஆவணமாகப் போகிறது.

‘பெயரைத்தானே அடித்தேன், வேலைநீக்கம் செய்யவில்லையே’ என்று கேட்பீர்கள். எல்லா முதலாளிகளும் கேட்பது இது. நீண்ட நாள் வராததற்காகப் பெயரை நீக்குவதும் சட்டப்படி ஆட்குறைப்புதான் என்று 1982-ல் ராபர்ட் டிசூசா வழக்கில் தீர்ப்பானது. நிலையாணையில் (தொழிற்சாலையின் வேலை விதிகளில்) ‘8 நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை போகும்’ என்று எழுதியிருந்தால்கூட, விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் பெயரை நீக்கக்கூடாது என்று 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில் சொன்னார்கள். நீங்கள் ஒரு பதிவுத் தபால்கூட அனுப்பவில்லை. இரண்டு கடிதம், ‘ஏன் வரவில்லை, இந்தத் தேதிக்குள் வாருங்கள்’ என்று அவர் வீட்டு முகவரிக்குப் போய், ஒப்புகை அட்டை உங்கள் ஃபைலில் இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஊரடங்கில் வேலை செய்யாத நாட்களால் அவருடைய தொடர் சேவை அறுந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்ற காலம் தொடர் சேவையில் சேரும் என்பது தொழில் தகராறுகள் சட்டத்தின் 25பி பிரிவு. ஆக, அவர் 9 வருடம் முடித்த ஆள். அவரை அனுப்ப நினைத்திருந்தால் 25எஃப் பிரிவின்படி ஒரு மாத எழுத்து நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அரசுக்குத் தகவல் எல்லாம் நடந்திருக்க வேண்டும். 15,600 ரூபாய் சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள். இழப்பீடு 70,200, நோட்டீஸ் சம்பளம் 15,600, இதோடு பணிக்கொடை 81,000. மொத்தம் 1,66,800. இழப்பீட்டுக்கு மாதத்தை 30-ஆல் வகுப்பார்கள், பணிக்கொடைக்கு 26-ஆல், அதனால்தான் இரண்டு தொகையும் வேறு. இன்றைக்குப் பழைய தேதி போட்டு ஒரு நோட்டீஸ் தயாரித்து இந்தத் தொகையை நீட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரோடு டீ குடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 25எஃப் நிபந்தனைகளை நீக்குவதற்கு முன்னால் நிறைவேற்ற வேண்டும், பின்னால் அல்ல. தவிர, ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை தர வேண்டும் என்று 25எச் சொல்கிறது. நீங்கள் ஆகஸ்டில் புது ஆளைப் போட்டிருக்கிறீர்கள்.

காலம் கடந்ததா? இல்லை. 2020 டிசம்பரில் வாசலில் ‘ஆள் போட்டாச்சுப்பா’ என்று சொன்னீர்களே, அந்த நாள்தான் வேலைநீக்க நாள். அதிலிருந்து 3 வருடத்துக்குள் அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் நோட்டீஸுக்கு மறுப்பு எழுதி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பதிலில் ஒரு தேதி போட்டு, இருவரின் உரிமைக்கும் பாதகமில்லாமல் வேலைக்கு வரச் சொல்லுங்கள். வந்தால் தொடர் சேவையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மெஷினுக்கு இப்போதும் ஆள் தேவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வராவிட்டால் அன்றோடு இடைப்பட்ட காலச் சம்பளக் கணக்கு நிற்க உங்களுக்கு ஒரு வாதம் கிடைக்கும். டிசம்பரிலிருந்து இன்றுவரை 18 மாதம், 2,80,800 ரூபாய். இந்த 18 மாதமும் அவர் லோடு ஆட்டோ ஓட்டியதாகப் பையன்கள் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அது உண்மையானால் முழுத் தொகை கிடைப்பது கடினம். ஆனால் பையன்கள் சொன்னதை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது, சாட்சி வேண்டும். ஒரு பகுதியைக் கொடுத்து முடிப்பதே மலிவு என்பது என் கணக்கு. நீங்கள் தோற்று, உயர் நீதிமன்றம் போனாலும், அவர் வேறு வேலையில் இல்லை என்றால் வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி ஊரடங்குச் சம்பளம். உங்கள் ஆடிட்டர் பாதி சொல்லியிருக்கிறார். 50 பேருக்குக் குறைவான தொழிற்சாலைக்கு லே-ஆஃப் இழப்பீட்டுப் பிரிவு பொருந்தாது, சரிதான். ஆனால் அந்தப் பிரிவு பொருந்தும் இடத்தில்தான் பாதிச் சம்பளத்தோடு தப்பலாம். பொருந்தாத இடத்தில், வேலை ஒப்பந்தத்தில் லே-ஆஃப் அதிகாரம் இல்லையென்றால், முழுச் சம்பளமே தர வேண்டி வரும். ஃபயர்ஸ்டோன் தொழிலாளர் வழக்கில் 1976-ல் சொன்னது இது. சின்ன முதலாளிக்குத்தான் கூடுதல் சுமை என்பது விசித்திரம், ஆனால் சட்டம் அப்படி.

2020 மார்ச் 29-ல் உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ், பிடித்தம் இல்லாமல் சம்பளம் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. நடுவில் 50 நாள். ஃபிகஸ் பாக்ஸ் வழக்கில் 2020 ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், இந்த 50 நாள் சம்பளத்தை முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் தொழிலாளர் துறையிடம் போகட்டும் என்றது. பாக்கிச் சம்பளத் தகராறு இருந்தாலும் வேலை செய்ய வருபவர்களைத் தடுக்காதீர்கள் என்றும் சொன்னது. நீங்கள் பாதி கொடுத்தது நல்ல மனசு. ஆனால் மீதிப் பாதிக்கு எந்தத் தாளும் இல்லை. மெஷின்காரர் ஜெயித்தால் மற்ற 30 பேரும் கணக்குப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். உங்களுக்குள் போட்டுக்கொள்வது கையெழுத்துப் போட்டவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னால் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவு ஒப்பந்தமாகப் போட்டால் எல்லோரையும் கட்டுப்படுத்தும். பஸ் செலவு ஒன்றுதான் கூட.

மூச்சு வாங்குபவர். சம்பளத்தைக் குறைப்பது வேலை நிபந்தனை மாற்றம். அதற்குத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவில் 21 நாள் நோட்டீஸ் வேண்டும், அல்லது ஒப்பந்தம் வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே ஒப்பந்தம் போட்டாலும் செல்லாது. குறைப்பதற்கு முன்னால் அவரை இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அனுப்புங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு, மருத்துவர் சான்று இருந்தால், வருடத்தில் 91 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அந்த உதவி வாங்கும் நாட்களில் அவரை நீக்கக்கூடாது, இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு. பெரும்பாலும் மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு இந்தக் கேள்வியே மாறிவிடும். அப்போதும் பண்டல் தூக்க முடியாது என்று மருத்துவர் எழுதினால், பண்டல் எண்ணும் வேலையைக் கொடுங்கள். சம்பளத்தில் கை வைப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தடுப்பூசி போடாத பெண்ணை நிறுத்தாதீர்கள். போன மாதம்தான், 2022 மே 2-ல், ஜேக்கப் புலியேல் வழக்கில் யாரையும் ஊசி போட வற்புறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தொற்று குறைவாக இருக்கும்போது போடாதவர்கள் மேல் கட்டுப்பாடு வேண்டாம் என்றும், தனியார் நிறுவனங்களும் தங்கள் உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யலாம் என்றும் சொன்னது. மற்றவர்களுக்குப் பயம் இருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க் கொடுங்கள்.

12 மணி நேர ஷிஃப்ட் முடியாது. 2020-ல் குஜராத் அரசு அப்படி ஒரு விலக்கு கொடுத்தது, சாதாரண சம்பளத்திலேயே கூடுதல் நேரமும் வாங்கலாம் என்று. அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் ஓவர்டைம் இரட்டைச் சம்பளம்.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். இறந்தவர் குடும்பத்துக்கு 20,000 கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பி.எஃப். உறுப்பினர் என்றால், தொடர்ந்து 12 மாதம் வேலையில் இருந்திருந்தால், பி.எஃப்.போடு சேர்ந்த ஆயுள் காப்பீடான இ.டி.எல்.ஐ.யில் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் வாரிசுக்கு வர வேண்டும். இதற்கு அவர்கள் சந்தா எதுவும் கட்டவில்லை, முதலாளி கட்டும் பணம். 5ஐஎஃப் படிவத்தில் உங்கள் சான்றொப்பம் வேண்டும். கொரோனாவால் இறந்த இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர் என்றால் கோவிட் நிவாரணத் திட்டத்தில் குடும்பத்துக்கு மாதாமாதம் அவருடைய சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், 1,800 ரூபாய்க்குக் குறையாமல். தொற்று உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பாவது பதிவாகியிருக்க வேண்டும் என்பது போலச் சில நிபந்தனைகள் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் அலுவலக ஆளை அவர்களோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், இந்த வாரமே. நோட்டீஸுக்குப் பதில் அனுப்ப இன்னும் ஆறு நாள் இருக்கிறது, இது அதைவிட அவசரம்.

பதில் எழுதும்போது பதிவேட்டின் அசலை எடுத்து வையுங்கள். அந்தப் பென்சில் கோட்டை அழிக்க வேண்டாம்.