நீரிணையில் ஒரு பிற்பகல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் நாவலை இரண்டாம் முறையாக வாசித்து முடித்தேன். பதினோராம் அத்தியாயத்தில் வரும் நீரிணைப் போர் இம்முறையும் எனக்கு நிறைவளிக்கவில்லை. புரட்சியாளர்களிடம் கப்பல்களும் பீரங்கிகளும் அதிகம். அரசனின் படையோ சரக்குக் கப்பல்களில் ஏறி அக்கரை சேர்ந்தாக வேண்டிய நிலையில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரே பிற்பகலில் நீரிணை புரட்சியாளர்களின் கையை விட்டுப் போய்விடுகிறது. போருக்கு மூன்று பக்கங்கள், அதற்கு முந்தைய மாலுமிகள் குழுக் கூட்டத்துக்குப் பதினான்கு பக்கங்கள். புரட்சியைக் கேலி செய்வதற்காகவே இப்படி அமைத்தீர்களோ என்று தோன்றியது. இன்னொரு ஐயம்: தெற்கு நோக்கி மிதக்கவிட்ட கண்ணிவெடி, நீரோட்டத்தை எதிர்த்து, விட்டவர்களிடமே எப்படித் திரும்பி வரும்? நீரிணை கற்பனை என்பதால் இயற்கை விதிகளும் கற்பனையா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கண்ணிவெடியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனெனில் அதில் எனக்குச் சங்கடம் ஏதுமில்லை. உப்பு மிகுந்த கடலையும் உப்புக் குறைந்த கடலையும் இணைக்கும் நீரிணையில் நீர் இரண்டு அடுக்குகளாக எதிரெதிர்த் திசைகளில் ஓடும். துருக்கியின் பாஸ்பரஸ் நீரிணையில் மேல்நீர் கருங்கடலிலிருந்து தெற்கே மர்மரா கடலுக்குப் பாய்கிறது. அடியில் கனத்த உப்புநீர் வடக்கே செல்கிறது. அங்குள்ள மீனவர்களுக்கு இது வெகுகாலமாகத் தெரிந்த செய்தி. இத்தாலியரான மார்சிலி அதைக் கேட்டறிந்து, தானே அளந்து பார்த்து, 1681இல் நூலாக வெளியிட்டார். ஒரு தொட்டியைத் தடுப்பால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் உப்புநீரும் மறுபக்கம் உப்புக் குறைந்த நீரும் நிரப்பி, தடுப்பின் மேலும் கீழும் துளையிட்டு, இரு ஓட்டங்களையும் கண்ணெதிரே காட்டினார். என் நாவலில் வரும் கண்ணிவெடி, அறுந்த நங்கூரக் கயிற்றையும் அதில் சிக்கிய ஒரு வலையையும் ஆழத்தில் இழுத்துக்கொண்டு மிதக்கிறது. வலையை அடிநீர் பிடித்து இழுக்க, மேலே உள்ள இரும்புக் குண்டு அதன் பின்னால் போகிறது. வலை சிக்கியதை அரை வரியில் சொல்லிக் கடந்தது என் பிழையாக இருக்கலாம்.

கேலி என்ற குற்றச்சாட்டுத்தான் என்னைச் சற்று நேரம் உட்கார வைத்தது. அந்த அத்தியாயத்தை எழுதும்போது என் மனத்தில் இருந்தது 1917 அக்டோபர் 17 அன்று எஸ்தோனியக் கரையோரத்தில் ரஷ்யருக்கும் ஜெர்மானியருக்கும் இடையே நடந்த மூன்சுண்ட் நீரிணைப் போர். ரஷ்யாவில் ஜார் மன்னர் பதவி இழந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன; போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடிக்க இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. ரஷ்யக் கப்பல்களில் மாலுமிகள் குழுக்கள் அமைந்திருந்தன, ரஷ்யத் தளபதி பாக்கிரெவின் கட்டளைகள் அவற்றின் இசைவைப் பெற்றே நடந்தேற வேண்டியிருந்தது. சில நாட்களுக்கு முன்புதான் பிரிப்யாத் என்ற கண்ணிவெடிக் கப்பலின் மாலுமிகள், சோயேலா நீரிணையில் கண்ணிவெடி இட மறுத்திருந்தனர்.

அன்று காலை ஸ்லாவா என்ற பழைய ரஷ்யப் போர்க்கப்பல், தன்னைவிடப் பன்மடங்கு வலிய ஜெர்மானியக் கப்பல்களான கோனிக், குரோன்பிரின்ஸ் ஆகியவற்றை எதிர்கொண்டது. ஸ்லாவாவின் முன்புறப் பீரங்கிக் கோபுரம் 11 குண்டுகளைச் சுட்டதும் பழுதாகி நின்றுவிட்டது. பின்னர் கோனிக்கின் மூன்று குண்டுகள் தாக்கின. ஆயிரம் டன்னுக்கு மேல் நீர் உள்ளே புகுந்து கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்வைச் சரிசெய்ய மறுபக்கத்து அறைகளிலும் நீரை நிரப்பினார்கள். கப்பல் ஓரளவு நிமிர்ந்தது, ஆனால் இன்னும் ஆழமாக அமிழ்ந்தது. வடக்கே தப்பிச் செல்ல இருந்ததோ தூர்வாரிய ஒரே வழி. அதில் நுழைய முடியாத அளவுக்கு ஸ்லாவா அமிழ்ந்துவிட்டது என்று தெரிந்த கணத்திலேயே அந்தப் போர் முடிந்துவிட்டது என்பேன். திறந்த கடலில் இதே காயத்தோடு அது துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இதன் பிறகு நடந்ததுதான் என் பதினான்கு பக்கங்களுக்கு வித்து. மற்றக் கப்பல்கள் எல்லாம் கடந்து போகும்வரை ஸ்லாவா காத்திருக்க வேண்டும், பின்னர் அந்த வழிக்குள்ளேயே மூழ்கி எதிரிக்குத் தடையாகக் கிடக்க வேண்டும் என்பது கட்டளை. ஆனால் கப்பல் மூழ்கப்போகிறது என்று அஞ்சிய மாலுமிகள் குழு, இயந்திர அறையில் இருந்தவர்களை முன்கூட்டியே மேலே வரச் சொல்லிவிட்டது. இயக்குவார் இல்லாத கப்பல், வழியின் வாசலிலேயே தரைதட்டி நின்றது. வெடிமருந்து அறையை வெடிக்க வைத்தார்கள். அது போதாதென்று சொந்த நாசகாரிக் கப்பல்களே அதன் மீது டார்பிடோக்களை ஏவின. ஆறில் ஒன்றுதான் வெடித்தது.

இதைப் படித்துச் சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. அதே கப்பலின் பீரங்கி மாலுமிகள் இறுதிவரை நின்று சுட்டவர்கள். இயந்திர அறையில் இருந்தவனுக்கோ எதிரியும் தெரியாது, வழியும் தெரியாது, தலைக்கு மேலே நீர் ஏறும் ஓசை மட்டுமே கேட்கும். ‘எல்லோரும் போகும்வரை நீ கீழே இரு’ என்று அவனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கடற்படையில் அவனைக் கீழே நிறுத்தி வைக்கத் தண்டனை பற்றிய அச்சம் இருந்தது. அந்த அச்சத்தை ஒழித்துவிட்ட புரட்சி, அதன் இடத்தில் வைக்க வேறொன்றை உருவாக்கிக்கொள்ள ஏழு மாதங்கள் போதவில்லை. என் நாவலில் வரும் குழு அந்த வேறொன்றைத்தான் பதினான்கு பக்கங்கள் தேடுகிறது. அவர்களில் எவரையும் முட்டாளாகவோ கோழையாகவோ நான் எழுதவில்லை என்றே நம்புகிறேன்.

அதிகக் கப்பல்கள் இருந்தும் தோற்பது பற்றி: ஸ்பானிய உள்நாட்டுப் போர் தொடங்கிய 1936 ஜூலையில் ஸ்பானியக் கடற்படையின் பெரும்பாலான கப்பல்களில் மாலுமிகள் கலகக்கார அதிகாரிகளை வீழ்த்திக் கப்பல்களைக் குடியரசின் பக்கம் கொண்டுவந்தார்கள். மொராக்கோவில் இருந்த, குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோவின் படை ஐரோப்பாவுக்குள் வர ஜிப்ரால்டர் நீரிணையைக் கடக்க வேண்டும். மிகக் குறுகிய இடத்தில் அது சுமார் 14 கிலோமீட்டர். கப்பல்கள் இருந்தன, அவற்றை ஒருங்கிணைத்து நடத்தத் தெரிந்த அதிகாரிகள் மிகக் குறைவு. ஆகஸ்ட் 5 அன்று விமானங்களின் பாதுகாப்போடு ஒரு சிறு கப்பல் தொகுதி கடந்து சென்றது. பின்னர் குடியரசுக் கடற்படையின் பெரும்பகுதி ஸ்பெயினின் வடக்குக் கரைக்கு அனுப்பப்பட்டது. செப்டம்பர் 29 அன்று கேப் ஸ்பார்டெல் அருகே பிராங்கோ தரப்பின் கனாரியாஸ் என்ற போர்க்கப்பல் குடியரசின் ஒரு நாசகாரிக் கப்பலை மூழ்கடித்து, இன்னொன்று காயத்துடன் விலகியதும் நீரிணை திறந்துகொண்டது. என் அரசனின் சரக்குக் கப்பல்கள் கடந்ததை நம்ப முடியவில்லை என்கிறீர்கள். வரலாறு என்னைவிடத் துணிச்சலாக எழுதுகிறது.

போரை மூன்று பக்கங்களில் முடித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்கப் புரட்சியின் முடிவைத் தீர்மானித்த செசபீக் விரிகுடா வாயிலின் போர், 1781 செப்டம்பர் 5 அன்று, பிற்பகலில் தொடங்கி அந்தி சாய்வதற்குள் அடங்கியது. பிரெஞ்சுத் தரப்பில் 24 கப்பல்கள், பிரிட்டிஷ் தரப்பில் 19. அன்று மாலை எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ‘வரிசை கலையாதே’ என்ற கொடியும் ‘நெருங்கித் தாக்கு’ என்ற கொடியும் பிரிட்டிஷ் தலைமைக் கப்பலில் ஒரே நேரத்தில் பறந்தன என்பதும், பின்வரிசையினர் முதற்கொடிக்கே கீழ்ப்படிந்து தள்ளி நின்றார்கள் என்பதும்தான் நினைவில் நிற்கும் காட்சி. கடல்வழி உதவி கிடைக்காமல் போன பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் ஆறு வாரங்களில் யார்க்டவுனில் சரணடைந்தார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நீங்கள் கவனிக்காத ஒரு பிழையை நானே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கடிதத்துக்காக அந்த அத்தியாயத்தை மீண்டும் வாசித்தபோதுதான் கண்டேன். பத்தாம் அத்தியாயத்தில் தூர்வாரிய வழியில் இரண்டு கப்பல்கள் மட்டுமே அருகருகே செல்ல முடியும் என்று எழுதியிருக்கிறேன். அடுத்த அத்தியாயத்திலேயே மூன்று கப்பல்கள் தோளோடு தோள் உரச அதில் நுழைகின்றன. அடுத்த பதிப்பில் அவை ஒன்றன்பின் ஒன்றாகவே நுழையும். அப்படி மாற்றினால் கடைசிக் கப்பல் காத்திருக்கும் நேரம் கூடும், எனவே அந்தப் போர் மூன்று பக்கங்களில் அடங்காமல் போகவும் வாய்ப்புண்டு.

அன்புடன்.