பைபிளின் புதிய ஏற்பாட்டில் உள்ள பவுலின் கடிதங்களில் கிருபை என்றால் மன்னிப்பு மட்டும்தானா?

இல்லை, மன்னிப்பு அதில் ஒரு பகுதிதான்; கிருபை என்பது அடிப்படையில் தேவன் தரும் கொடை. முதல் நூற்றாண்டு ரோமானிய உலகில் பெரிய கொடைகளைப் பொதுவாகத் தகுதி பார்த்துத்தான் கொடுப்பார்கள். வாங்கியவர் நன்றிக்கடன் பட்டவர். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் அந்தத் தகுதியைத் தூக்கி எறிகிறார்: நாம் பாவிகளாக இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார். முன்பு கிறிஸ்தவ சபையைத் துன்புறுத்திய தனக்கே அந்தக் கிருபை கிடைத்ததே என்ற வியப்பு அவரை விடவே இல்லை.

ஆனால் பதில் செய்யும் கடமையை அவர் கைவிடவில்லை. பலர் கவனிக்காமல் போவது இதைத்தான். 1 கொரிந்தியர் 15:10-இல், கிருபை வீணாகவில்லை, எல்லோரையும்விட அதிகமாக உழைத்தேன் என்கிறார். உடனே, நான் அல்ல, என்னோடிருந்த கிருபையே என்றும் சேர்க்கிறார். அப்புறம் 2 கொரிந்தியர் 8-ஐயும் படியுங்கள். கொடிய வறுமையிலும் மக்கெதோனியா சபையார் எருசலேம் விசுவாசிகளுக்காக வாரிக் கொடுத்ததை, தேவன் அவர்களுக்கு அளித்த கிருபை என்றே அங்கே சொல்கிறார்.