மெத்தென்ற ஷூ போட்டால் ஏன் தள்ளாடுகிறது?

கேள்வி: எனக்கு வயது 67. மண்டபம் பக்கம் இருக்கிறோம். 11 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் ரப்பர் செருப்போடு கடற்கரை ஓரமாக அரை மணி நேரம் நடப்பேன். சமீபத்தில் இரண்டு தடவை தடுக்கி விழப் போனேன். மகன் மெத்தென்று ஒரு ஷூ வாங்கி வந்தான். அதைப் போட்டால் தள்ளாடுகிறது. பேசாமல் வெறுங்காலோடு மணலில் நடந்துவிடட்டுமா? அதுதான் நல்லது என்கிறார்களே?

பதில்: வெறுங்கால் உங்களுக்கு வேண்டாம், அம்மா. பல வருடம் சர்க்கரை இருந்தவர்களில் நிறையப் பேருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். குறைந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. உடைந்த கிளிஞ்சல், வலையிலிருந்து விழுந்த தூண்டில் முள், கரையோரத்துச் சீமைக்கருவேல முள் எது ஏறினாலும் வலி தெரியாது; வீட்டுக்கு வந்தபின் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். வெயிலேறிய மணலும் அப்படித்தான், கொப்புளம் வந்த பிறகே தெரியும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாத உணர்வைச் சோதித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை, வலிக்காது.

ரப்பர் செருப்பில் தடுக்குவதற்குக் காரணம், அதில் பின்வார் இல்லாததுதான். செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் மடங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாதம் தரையிலிருந்து சரியாக எழும்பாமல் தேய்த்துத் தேய்த்து நடப்பீர்கள். மணலில் செருப்பின் முன்நுனி குத்தி உள்பக்கம் மடங்கும். அந்த இடத்தில்தான் விழுகிறார்கள். போதாததற்கு, பெருவிரல் இடுக்கில் ஓடும் வாரில் ஈர மணல் ஒட்டிக்கொண்டு தோலை அறுக்கும்.

மகனைக் குறை சொல்ல முடியாது. கடையில் விரலால் அமுக்கிப் பார்த்தால் யாருக்கும் மெத்தென்றதுதான் பிடிக்கும். ஆனால் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது உள்ளங்கால் நரம்புகள்தான். தடித்த பஞ்சு நடுவில் வந்தால் அந்தத் தகவல் மங்கிவிடும், குதிகாலும் இரு பக்கமும் ஆடும். ஏற்கெனவே உணர்வு குறைந்த காலுக்கு இது இரட்டிப்புச் சிக்கல். உங்களுக்கு வேண்டியது காலைப் பிடித்து நிறுத்தும் காலணி. குதி உயரம் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், குதி அகலமாக இருக்கட்டும்.

கடையில் மூன்று சோதனை செய்யுங்கள். பின்பக்கச் சுவரைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிப் பாருங்கள், மடங்கி விழக்கூடாது. முன்னையும் பின்னையும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். நட்டநடுவில் மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். துணி பிழிவதுபோல் முறுக்கினால் லேசாக மட்டுமே திரும்ப வேண்டும்.

அளவு விஷயத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். வயதாக ஆக பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து, வளைவு தாழ்ந்து, பாதம் நீண்டு அகலமாகும். முன்பு ஆறாம் நம்பர் போட்டோம் என்று இன்றும் ஆறு கேட்காதீர்கள். உணர்வு குறைந்தவர்களுக்கு இறுக்கமான காலணிதான் ‘கச்சிதமாக இருக்கிறது’ என்று தோன்றும், அதனால் காலை நம்பாமல் கண்ணை நம்புங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அட்டைமேல் எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். கத்தரித்த அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய்க் காலணிக்குள் வையுங்கள். ஓரம் மடங்கினால் அது குறுகல். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதலாக இடம் வேண்டும். நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரல் இல்லை. பெரிய பாதம் எதுவோ அதற்கே வாங்குங்கள்.

பரிசோதனையில் உணர்வு குறைவு என்று வந்தால் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்குங்கள். தொழுநோயால் மரத்துப்போன பாதங்களைக் காக்க வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் குழுவினர் கையாண்ட வழி இது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே தருகிறோம். மேலே மென்மையான நுண்துளை ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், பின்வார், அகலமான முன்வார், இவ்வளவும் இருக்க வேண்டும். ஒட்டித் தைத்திருக்க வேண்டும், ஆணி அடித்தது ஆகாது. அமுக்கிய இடம் மேலெழும்பாமல் பள்ளமாகவே நின்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

புதிதை முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றி, பாதத்தில் சிவப்புத் தடம் இருக்கிறதா பாருங்கள். தடம் 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்தக் காலணி உங்களுக்கு ஒத்துவராது. ஒவ்வொரு முறையும் போடுமுன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். தோல் செருப்பு உப்பில் விறைத்துவிடும் என்பதால் நம் கரைக்குத் தோது இல்லை. ஒட்டும் பட்டையில் மணல் அடைத்தால் பிடிப்பு போய்விடும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம்.

நடக்கும் இடம் தார் ரோட்டு ஓரமாக இருக்கட்டும். பொதபொதவென்ற மணலில் குதியும் கெண்டைக்காலும் அதிகம் உழைக்கும். அலை நனைத்த மணல் கெட்டிதான், ஆனால் கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும்.

ராமேஸ்வரம் கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தீர்த்தமாடும் வழியெல்லாம் ஈரமாக இருக்கும், யாராவது கையைப் பிடித்துக்கொள்ளட்டும். ஈரமான காலுறையோடு நடந்தால் வழுக்கும். திரும்பியதும் விரலிடுக்கைத் துடைத்து, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் கிடைக்கும் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். புண், கொப்புளம், ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்குவது இவற்றில் ஏதேனும் தெரிந்தால், வலி இல்லை என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். அதன் அடி எங்கே தேய்ந்திருக்கிறது என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.