காட்டுத் தேனீ நம்ம பெட்டிக்கு வரணும்னா – கேள்வி பதில்

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வச்சு பாக்குறவன் நான். வீட்டுல செஞ்ச பெட்டிக்கு தேனீ தானா வந்து ஏறுறது எப்படின்னு நெறைய பேரு கேட்டிருந்தீங்க, கேட்டவங்க ஊர்ப்பேரைப் போட்டு ஒண்ணொண்ணா சொல்லுதேன்.

அருமனை: அண்ணே, பெட்டி எப்ப வைக்கணும்?

அக்டோபர்லயே வச்சிருங்க. அப்பதான் கூட்டுல புழு வளர்ப்பு கூடும், எடம் பத்தாம பழைய ராணி ஒரு பங்கு தேனீயோட வெளிய எறங்கும், நவம்பர் டிசம்பர்ல நல்லா பிரியும். அப்ப வந்த கூட்டம் ரப்பர் இலை உதிர்ந்து கொழுந்து விடுறதுக்குள்ள பெலத்துரும், ரப்பர்ல தேன் கிடைக்கிறது பூவுல இல்ல, எளசு இலைக்க காம்புல ஊறுறதுதான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பஞ்சகாலம், அப்ப வர்றது அனேகமா பட்டினியில கூட்டை விட்டு கெளம்புனதா இருக்கும், நிலைக்க வைக்க ரொம்ப பாடுபடணும்.

பாறசாலை: புது பிளைவுட் பெட்டி, பெயின்ட் எல்லாம் அடிச்சு வச்சேன், ஒண்ணும் எட்டிப் பாக்கல.

உள்ளயும் பெயின்ட் அடிச்சீங்களா? அந்த வாசனை போற வரைக்கும் வராது. உள்ள வெறும் பலகையா இருக்கணும், அயனியோ பலாவோ கிடைச்சா நல்லது, வெயில்ல நல்லா ஆற விடுங்க. மூடி இடுக்குல வெளிச்சம் தெரியக்கூடாது, வாசல் ஒரு விரல் நுழையிற அளவு போதும். மதியம் நெழல் விழுற எடமா, ஆள் நடமாட்டம் இல்லாம, நெஞ்சு ஒசரத்துக்கு மேல வைங்க. ஸ்டாண்டு கால்ல தண்ணிக் கிண்ணம் வைக்கணும், எறும்பு ஏறுன பெட்டிய தேனீ திரும்பிப் பாக்காது.

களியக்காவிளை: உள்ள சர்க்கரைத் தண்ணி தடவலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி, எறும்பும் திருட்டுத் தேனீயும்தான் வரும். தேன்மெழுகை உருக்கி, தேனீ அடை கட்டுற மரச் சட்டத்துக்க அடியில கோடு மாதிரி ஓட்டுங்க, மேல்பலகையிலயும் கொஞ்சம் தேச்சு விடுங்க. இஞ்சிப்புல்லு (லெமன்கிராஸ்) கசக்கி வாசல்ல தடவுனா இன்னும் நல்லது, தேனீ தன் கூட்டத்தை கூப்பிடுற வாசனையில இருக்குற சிட்ரால் அதுலயும் இருக்கு.

திற்பரப்பு: பக்கத்து வீட்டுல அழிஞ்ச கூட்டுக்க பழைய தேனடை இருக்கு, எடுத்து வைக்கட்டுமா?

அக்கா, எதனால அழிஞ்சதுன்னு தெரியாம தொடாதீங்க. 1991-92ல கேரளா பக்கம் தேனீப் புழுவைக் கொல்லுற சாக்புரூட் வைரஸ் வந்து நம்ம நாட்டுத் தேனீ மொத்தமா விழுந்த காலத்தை இங்க உள்ள பழைய ஆட்கள் இன்னும் சொல்லுவாங்க. புழு தண்ணிப் பை மாதிரி வீங்கி செத்துக் கெடந்த அடைன்னா எரிச்சிருங்க.

குலசேகரம்: ரெண்டு நாளா நாலஞ்சு தேனீ வந்து வந்து போகுது, வந்துட்டுன்னு வைக்கலாமா?

அது வேவு பாக்க வந்தது. கவனிச்சுப் பாருங்க, காலுல மகரந்தம் இருக்காது, வாசலைச் சுத்திப் பறக்கும், மூலை மூலையா நடந்து அளக்கும், வெளிய வந்து பெட்டியப் பாத்த மாதிரி பறந்து எடத்தை மனசுல வாங்கும். நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடுச்சுன்னா பக்கத்துல எங்கயோ கொப்புல கூட்டம் தொங்குது. இந்த நேரத்துல பெட்டியத் தொறக்காதீங்க, நகர்த்தாதீங்க, புகை போடாதீங்க, கெஞ்சிக் கேக்கேன். மஞ்சளா மகரந்தத்தைச் சுமந்துட்டு உள்ள போனாத்தான் குடியேறிட்டுன்னு அர்த்தம்.

பேச்சிப்பாறை: வந்த கூட்டம் ஒரு வாரத்துல ஓடிப்போச்சு. ராணி வெளிய போகாம வாசல்ல தடுக்குற ராணி கேட் போட்டா நிக்குமா?

முட்டை போடுற ராணின்னா சில நாள் போடலாம். ஆனா பின்னால பிரிஞ்ச சின்னக் கூட்டத்துல கன்னி ராணிதான் இருக்கும், அது வெளிய பறந்து இணை சேரணும், கேட் போட்டா அந்தக் கூட்டமே வீணாப் போயிரும். அதனால மொதல்ல தீனி குடுங்க, சர்க்கரையும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்து சாயந்திரம் உள்ள வைங்க, அடை கட்டி முட்டை விழுந்துட்டுன்னா பெரும்பாலும் போகாது.

குழித்துறை: பலாமரத்துல பெரிய தேனீ ஒத்தை அடையா தொங்குது, பெட்டிக்கு மாத்தலாமா?

முடியாது மக்கா, அது மலைத்தேனீ. வெட்டவெளியில ஒரே அடைதான் கட்டும், பெட்டிக்குள்ள இருக்காது. கொட்டுனா உயிருக்கே ஆபத்து, பிள்ளையள அந்தப் பக்கம் விடாதீங்க. தீ வைக்கவும் வேண்டாம், சீசன் முடிஞ்சா தானே எடம் மாறிப் போயிரும்.