நிழல் மரத்தின் விலை

அன்புள்ள ஐயா,

எனக்கு வாட்சும் காப்பியும் பிடிக்கும். வேறு ஆடம்பரம் கிடையாது. சமீபத்தில் மீன்வலை நைலானில் செய்த பட்டையோடு ஒரு வாட்ச் வாங்கினேன். விற்பனையில் ஒரு பங்கு கடல் பாதுகாப்புக்குப் போகிறதாம். காப்பித்தூளும் ‘காட்டுக்கும் பறவைக்கும் நல்லது’ என்று அச்சிட்ட பாக்கெட்டாகத்தான் வாங்குகிறேன். கால் கிலோ 600 ரூபாய். ஆபீஸ் நண்பர், “காசு கொடுத்துப் புண்ணியம் வாங்கப் பார்க்கிறாய், எல்லாம் ஏமாற்று வேலை” என்கிறார். அன்றிலிருந்து டம்ளரைக் கையில் எடுத்தாலே உறுத்துகிறது. ரசித்து வாங்குவது தப்பா? வெளிச்சத்தில் ஓடும் வாட்ச் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

செல்வம், கோவை

அன்புள்ள செல்வம்,

ரசிப்பதில் ஒரு தப்பும் இல்லை. டிகாக்‌ஷன் இறங்கும் வாசனைக்கு மனம் நிறைகிற ஆள் நீங்கள். அந்தச் சந்தோஷத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். நண்பர் சொன்னதை அப்படியே விட்டுவிடுங்கள், அதற்குப் பதில் தேவையில்லை.

வாட்சைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மீன்வலைக் கழிவிலிருந்து நைலான் எடுப்பது உண்மைதான். இத்தாலியக் கம்பெனி ஒன்று எக்கோனில் என்ற பெயரில் செய்கிறது, ப்ரைட்லிங் வாட்ச் கம்பெனி அதில் பட்டை போட்டிருக்கிறது. ஓரிஸ் கம்பெனி கிரேட் பேரியர் ரீஃப் பெயரில் வாட்ச் விட்டு, அங்கே பவளப்பாறைகளைக் காக்கும் வேலைக்கு உதவியிருக்கிறது. வெளிச்சத்தில் ஓடும் முள் வாட்சை சிட்டிசன் 1976லேயே செய்துவிட்டது. பட்டன் பேட்டரியை அடிக்கடி மாற்றித் தூக்கிப் போடும் வேலை அதில் இல்லை. எல்லாம் சரி. ஆனால் கையில் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று எதற்கு? வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது என் மாமாவின் ஹெச்எம்டி ஜனதா. கையால் சாவி கொடுக்கிற வாட்ச். மாமா குடகில், சோமவாரப்பேட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். விடிந்ததும் சாவி கொடுத்துவிட்டு, ஆள் கணக்கு எடுக்கப் போவார். லீவுக்குப் போகும்போதெல்லாம் நானும் பின்னால் நடப்பேன். தோட்டத்துக்குள் நுழைந்தால் பகலிலும் வெளிச்சம் சல்லடையில் சலித்த மாதிரிதான் விழும். பலா, அத்தி, நாவல், ஈட்டி, வெண்தேக்கு என்று மேலே ஒரு காடே நிற்கும். அத்தி பழுத்தால் இருவாச்சிப் பறவை வரும். அதன் கத்தலைக் கேட்டுத்தான் எந்த மூலையில் பழம் இருக்கிறது என்று மாமா சொல்வார்.

2001, 2002ல் உலகச் சந்தையில் காப்பி விலை பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு விழுந்தது. எந்த நாடு எவ்வளவு காப்பி ஏற்றுமதி செய்யலாம் என்ற கோட்டா ஒப்பந்தம் 1989ல் முறிந்ததிலிருந்தே விலைக்குப் பிடிமானம் இல்லை. வியட்நாம் காப்பி வேறு வந்து குவிந்தது. மாமாவின் முதலாளிக்கு பேங்க் கடன். கொட்டையை விற்றால் பறிகூலிக்குக்கூடக் காணாது, மரத்தை விற்றால் உடனே காசு. பெர்மிட் கிடைத்த மரமெல்லாம் இறங்கியது. லாரி போன பாதையில் புழுதி அடங்க வாரக்கணக்கில் ஆனது.

அடுத்தடுத்த வருடங்களில் செடிகள் மஞ்சளாகித் தொங்க ஆரம்பித்தன. மாமா ஒன்றைப் பிடுங்கி, தண்டைக் கத்தியால் நெடுக்கப் பிளந்து காட்டினார். உள்ளே வளைந்து வளைந்து போகும் துளை, துளை முழுக்க இறுக்கி அடைத்த மரத்தூள், முனையில் வெண்மஞ்சளாக ஒரு புழு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான். இதன் வண்டு வெயில் படும் தண்டைத் தேடிப் போய்ப் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். நம் நாட்டில் அரபிக்கா என்ற காப்பி வகைக்கு இதைவிடப் பெரிய பூச்சி எதிரி இல்லை. நல்ல நிழல் இருந்தால் அதன் தொல்லை குறைவு. மரம் போனதும் வெயில் உள்ளே வந்தது, வெயிலோடு வண்டும் வந்தது. வருடா வருடம் ட்ரேசிங் என்று செடி செடியாகத் தேடிப் பார்த்து, தண்டில் மேடு தட்டிய செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். அறுவடைக்கு வைத்திருந்த ஆட்களை எரிக்கிற வேலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அப்புறம் நிழலுக்கு என்ன நட்டார்கள் தெரியுமா? சில்வர் ஓக். ஆஸ்திரேலிய மரம். நேராக, வேகமாக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், வேண்டும்போது வெட்டி விற்கலாம். நாட்டு மரத்தை வெட்ட வனத்துறையிடம் அலைய வேண்டும். குடகில் பல நிலங்களில் மரத்துக்குரிய பணத்தைச் சர்க்காருக்குக் கட்டியிருந்தால்தான் மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். சில்வர் ஓக்குக்கு இந்தப் பாடு இல்லை. காட்டைக் காப்பாற்றப் போட்ட சட்டமே தோட்டக்காரரை நாட்டு மரத்திடமிருந்து விரட்டுகிறது. ஈட்டிக் கன்று தானாக முளைத்தாலும் களையோடு களையாக வெட்டிவிடுகிறார்கள். நாளைக்கு அது வளர்ந்தால் தன்னுடையது ஆகாது என்று தெரிந்தவர் வேறென்ன செய்வார்? வரிசையாக சில்வர் ஓக் நின்றாலும் தூரத்திலிருந்து பச்சையாகத்தான் தெரியும். ஆனால் இருவாச்சி தின்ன அதில் பழம் இல்லை.

இப்போது உங்களைத் திட்டுகிறேன், கோபிக்காதீர்கள். வாட்ச் பட்டை எந்த வலையிலிருந்து வந்தது என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள். தினமும் இரண்டு வேளை குடிக்கிற காப்பி எந்த ஊர், எந்த மரத்தடி என்று ஒரு வரி எழுதவில்லை. பாக்கெட்டில் பறவைப் படம் இருந்தால் போதுமா? அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனம் பறவைக்கு உகந்த காப்பி என்று சான்று கொடுப்பதற்கு நிழல் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும், முதன்மை நிழல் மரங்கள் 12 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும், அவை போக இன்னும் பத்து வகை மரமாவது கலந்திருக்க வேண்டும், ரசாயன உரமும் கூடாது. அப்படி ஏதாவது சான்று உங்கள் பாக்கெட்டில் இருக்கிறதா, வெறும் வாசகம்தானா என்று பாருங்கள். சிக்கரி எவ்வளவு என்றும் பாருங்கள். சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம். சிக்கரி குஜராத் பக்கம் திறந்த வயலில் விளைகிற வேர். அதற்குக் கொடுக்கிற காசு எந்தக் காட்டுக்கும் போகாது. பீபரி என்கிற உருண்டைக் கொட்டையும் பிளான்டேஷன் ஏ என்கிற பெரிய அரபிக்காக் கொட்டையும் பாதிக்குப் பாதி வாங்கி, கண் முன்னால் வறுத்து அரைக்கச் சொல்லுங்கள். கோவையில் அதற்குக் கடைக்குப் பஞ்சமா?

600 ரூபாய் அதிகமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்கிறேன். அதில் தோட்டக்காரருக்கு நியாயமான பங்கு போனால் அதிகமே இல்லை. கொட்டைக்கு விலை கிடைக்கிற வருடத்தில் யாரும் அத்தியை வெட்டுவதில்லை. ஆகவே அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்தத் தோட்டம், மேலே என்னென்ன மரம், கிலோவுக்குத் தோட்டக்காரருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஒழுங்காகப் பதில் வந்தால் அதையே தொடர்ந்து வாங்குங்கள், எனக்கும் அந்தத் தோட்டத்தின் பெயரை அனுப்புங்கள். மழுப்பினால் கடையை மாற்றுங்கள்.

அன்புடன்.