பழைய பிஎம்டபிள்யூ இசட்4: வாங்கி வைக்கலாமா?

கேள்வி: பெங்களூரில் 2011-ல் பதிவான பிஎம்டபிள்யூ இசட்4 35i (கூரையைத் திறந்து ஓட்டும் இரண்டு சீட் கார்) விலைக்கு வருகிறது. ஓடியது ரொம்பக் குறைவு. அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் என்பதால், வாங்கி வைத்தால் பின்னால் மதிப்பு கூடுமா? — வாசகர், திருநகர், மதுரை

பதில்: ஆசைப்பட வேண்டிய வண்டிதான். 2009 முதல் 2016 வரை வந்த இந்தத் தலைமுறை இசட்4-க்கு மட்டும்தான் மடங்கும் உலோகக் கூரை. அடுத்ததில் மறுபடி துணிக்கூரைக்கே போய்விட்டார்கள். மூன்று லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 306 குதிரைத்திறன். நீளமான பானெட்டுக்குப் பின்னால், கிட்டத்தட்ட பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும் சுகம் வேறு காரில் கிடைப்பது அரிது.

ஆனால் குறைவாக ஓடியது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சும்மா நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்துபோகும். எனக்கு மீட்டரைவிட வருடவாரியான சர்வீஸ் பில்தான் முக்கியம். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனால் உயர் அழுத்த எரிபொருள் பம்பைச் சந்தேகப்படலாம்; இந்தப் பம்புக்காகவே 2010-ல் அமெரிக்காவில் இந்த இன்ஜின் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆக்சிலரேட்டரை விடும்போது தகரம் அதிர்வதுபோலச் சத்தம் வந்தால் டர்போவின் வேஸ்ட்கேட் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) தேய்ந்திருக்கலாம், செலவு பெரிது. இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள்; அக்னி நட்சத்திரத்தில் பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அது நின்றால் இன்ஜினுக்கே ஆபத்து.

கூரையை நாலைந்து தடவை திறந்து மூடுங்கள். சுமார் 20 விநாடிதான் ஆக வேண்டும். டிக்கியின் அடித்தளத்தைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பவர் கூட்ட ரீமேப் செய்த (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிய) வண்டி என்றால் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் காகிதம். கர்நாடக என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே சாலை வரி, புது டிஎன் எண் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. 2026-ல் 15 வருடம் முடிவதால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. விண்டேஜ் அந்தஸ்துக்கு 50 வருடம் ஆக வேண்டும், அதாவது 2061.

அதனால் லாபக் கணக்குப் போட்டு வாங்காதீர்கள். வாரம் ஒருமுறை விடியற்காலையில் அழகர்கோவில் சாலையில் கூரையைத் திறந்துவிட்டு, இன்ஜின் முழுச்சூடு ஏறும்வரை ஓட்டப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். முன்பணம் மட்டும், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகே.